காப்பி மெஷின்: ஒரு சொற்பொருள் ஆராய்ச்சியும் அதன் அடுக்களை விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

திருச்சி தில்லைநகரில், நாளுக்கு இரு வேளை ஆறு பேர் காப்பி குடிக்கும் ஒரு வீட்டுக்கு எவ்வகைக் காப்பி இயந்திரம் பொருந்தும் என்பதை 40 நாள் களப்பணி வாயிலாகக் கண்டறிய இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வாளன் கல்லூரித் தமிழ்த்துறையில் 31 ஆண்டுகள் பிறருடைய ஆய்வேடுகளில் ஒற்றுப்பிழை திருத்திவிட்டு அண்மையில் ஓய்வு பெற்றவன். நெறியாளர் என் மனைவி. புறத்தேர்வாளர் என் அம்மா, அகவை 83. நிதிநல்கை, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள். மகன், மருமகள், மாடியில் குடியிருந்து காப்பி நேரத்துக்கு மட்டும் கீழே இறங்கும் சித்தப்பா ஆகியோர் தகவலாளர்களாகப் பங்கேற்றனர். சித்தப்பாவின் ஒத்துழைப்பு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது.

ஆய்வுச் சிக்கல்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "ரிட்டயர்மென்டுக்கு நான் ஒண்ணுமே வாங்கித் தரலப்பா. நல்லதா ஒரு காப்பி மெஷின் பாத்து வைங்க. பணம் நான் போட்டுவிடுறேன்." ஸ்பீக்கரில் இருந்ததால் அம்மாவுக்கும் கேட்டது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"காப்பி மெஷினா? எங்கப்பா வீட்ல இருந்துச்சே. ஜன்னப் பலகையில திருகி வச்சிருப்போம். விடியக்கால நாந்தான் சுத்துவேன். தெருமுக்கு வரைக்கும் மணக்கும்."

அவர் சொன்னது காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினை. எல்லோரும் சிரித்தோம். 'புறத்தேர்வாளர் கலைச்சொல்லைப் பிழைபடப் புரிந்துகொண்டுள்ளார். பொருட்படுத்தத் தேவையில்லை' என்று அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

சொல்லாராய்ச்சியைத் தவிர்த்துவிட்டு எந்தத் தமிழாசிரியனும் நகர முடியாது. நம் ஊரில் 'மிஷினுக்குப் போயிட்டு வா' என்றால் மாவு அரைத்துக்கொண்டு வா என்று பொருள். யாரும் 'எந்த மிஷினுக்கு?' என்று திருப்பிக் கேட்பதில்லை. துணி தைப்பதற்குத் தையல் என்றும், துவைப்பதற்கு வாஷிங் என்றும் அடைமொழி வேண்டியிருக்கிறது. அடைமொழி இல்லாத மிஷின் அரைக்கும். இந்த விதியை முதல் நாளே கண்டுபிடித்தும், அதை அம்மாவின் வாக்கியத்தோடு பொருத்திப் பார்க்க எனக்கு 40 நாள் ஆயிற்று.

'காப்பி' என்ற எழுத்துப் பெயர்ப்பிலும் கருத்து வேறுபாடு உண்டு. 'காபி' என்று எழுதினால் ராகமாகிவிடுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் தரும் 'குளம்பி' என்ற சொல்லுக்கு, கொட்டை மாட்டுக் குளம்பைப் போல நடுவே பிளந்திருப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். சொல் அழகுதான். ஆனால் உணவகத்தில் அதை உரக்கச் சொன்னால் குழம்பு வந்துவிடும் என்ற அச்சத்தால் இக்கட்டுரை அதைத் தவிர்க்கிறது.

முன்னாய்வுகள்

தமிழ்நாட்டுக்குக் காப்பி வந்ததையும் நடுத்தர வர்க்கம் அதைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துவிட்டார். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் பக்கம் போனால் இத்தாலிக்குத்தான் போக வேண்டும்.

1884இல் துரின் நகரத்துக் கண்காட்சியில் ஆஞ்செலோ மொரியொண்டோ என்பவர் நீராவியால் காப்பி வடிக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வைத்தார். அது ஒரே நேரத்தில் பலருக்கு வடித்தது. நம் கல்யாண வீட்டுச் சமையல்காரர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸெரா, கேட்பவருக்குக் கேட்ட மாத்திரத்தில் ஒவ்வொரு கோப்பையாக வடித்துத் தரும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கி வணிகமாக்கியவர் தெசிதேரியோ பவோனி. 'எஸ்பிரெசோ' என்ற பெயரில் விரைவும் உண்டு, 'உனக்கென்றே பிழிந்தது' என்ற பொருளும் உண்டு.

இந்த இடத்தில் ஆய்வாளன் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரு பந்திக்கு வடித்தது ஒரு ஆளுக்கு வடிப்பதாக மாறியதே எஸ்பிரெசோவின் வரலாறு. எங்கள் வீடோ இன்னும் பந்தியிலேயே இருக்கிறது.

அந்த முதல் இயந்திரங்களில் தண்ணீரைத் தள்ளியது நீராவி. அதன் அழுத்தம் குறைவு, சூடு அதிகம். காப்பி கருகிக் கசந்தது. அக்கிலே காஜியா நீராவியை விலக்கி, கைப்பிடியை இழுத்தால் வில்சுருள் தண்ணீரைத் தள்ளும்படி செய்து, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு சந்தைக்குக் கொண்டுவந்தார். காப்பியின் தலையில் பொன்னிற நுரை வந்தது. வாடிக்கையாளர்கள் அதை அழுக்கு என்று சந்தேகித்தார்கள். அவரோ அதையே பெருமையாக எழுதி விற்றார். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் வந்தபோது கைப்பிடியின் வேலையை மின்சாரப் பம்பு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தின் பெயரில் உள்ளது அந்த 'இ'. கிரகண நேரத்தில் காப்பி குடிக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அழுத்தவியல்: மலைக்கோட்டையை அலகாகக் கொண்டு

இயந்திரம் விற்பவர்கள் எல்லோரும் அழுத்தத்தை 'பார்' கணக்கில் பேசுகிறார்கள். நல்ல எஸ்பிரெசோவுக்கு 9 பார் வேண்டும் என்பது உலக வழக்கு. எங்கள் வீட்டில் அழுத்தத்தை விசில் கணக்கில் அளப்பதே மரபாதலால், நெறியாளருக்கு விளங்க வைக்க மாற்று அலகு தேவைப்பட்டது.

பிரஷர் குக்கர் வேலை செய்வது வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில். எஸ்பிரெசோ இயந்திரம் அதைப் போல் ஒன்பது மடங்கு. இதைச் சொன்னதும் நெறியாளர் அடுப்பு மேடையிலிருந்து இரண்டடி பின்வாங்கினார். ஆகவே வேறு உவமைக்கு மாறினேன். 1 பார் அழுத்தம் சுமார் 10.2 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். 9 பார் என்றால் ஏறத்தாழ 92 மீட்டர். 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர், போதாது. மலைக்கோட்டை 83 மீட்டர், அதுவும் போதாது. அந்த மலையுச்சியில் உச்சிப்பிள்ளையார் சந்நிதியில் நின்று, தலைக்கு மேல் இன்னும் 30 அடி உயரத்துக்கு ஒரு குழாயை நிமிர்த்தி, அதன் அடிமுனையை மலையடிவாரத்துத் தெப்பக்குளக் கரையில் ஒரு கரண்டிக் காப்பித்தூள் மேல் வைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றினால் கிடைப்பதே எஸ்பிரெசோ.

நம் ஃபில்டரில் என்ன அழுத்தம்? தூளின் மேல் இரண்டு அங்குல வெந்நீர் நிற்கிறது. 0.005 பார். 1,800 மடங்கு குறைவு. பிறகு எப்படிக் கள்ளிச்சொட்டாக டிகாக்‌ஷன் கிடைக்கிறது என்றால், இத்தாலிக்காரர் 25 வினாடியில் அவசரமாகச் செய்வதை நாம் இரவு முழுக்கச் செய்கிறோம். அவர்களுக்கு அழுத்தம், நமக்குப் பொறுமை. அல்லது, உண்மையைச் சொன்னால், தூக்கம்.

நுரையிலும் இதே வேறுபாடு. அவர்கள் நுரை, வறுத்த கொட்டைக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயுவும் எண்ணெயும் அழுத்தத்தில் கலந்து வெளிப்படுவது. நம் நுரை, பால் கலந்த காப்பியை ஒரு கை உயரத்திலிருந்து டபராவுக்கு ஆற்றும்போது காற்று புகுந்து எழுவது. அதற்குப் புவியீர்ப்பு போதும். மின்கட்டணம் இல்லை.

பெட்டிகளின் மேல் '15 பார்', '20 பார்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். அது பம்பு முக்கித் தள்ளக்கூடிய உச்ச அளவு. காப்பிக்குத் தேவை 9தான்; நல்ல இயந்திரத்தில் மிச்சத்தைத் திருப்பி விட ஒரு வால்வு இருக்கும். ஸ்கூட்டரின் மீட்டரில் 120 வரை எண் இருக்கிறது என்பதற்காக எங்கள் ஊர்ச் சாலை ரோட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

வகைப்பாடு: தன்வினை, பிறவினை

வியாபாரிகள் இயந்திரங்களை விலையால் வகைப்படுத்துகிறார்கள். இவ்வாய்வு இலக்கணத்தால் வகைப்படுத்துகிறது. தமிழில் டிகாக்‌ஷன் 'இறங்குகிறது'. இது தன்வினை. யாரும் இறக்குவதில்லை, ஊற்றிவிட்டுப் போனால் தானே இறங்கும். பித்தளை ஃபில்டர் இதன் தலையாய சான்று. 1908இல் திரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார் மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளை எடுத்து, துளையிட்ட பாத்திரத்தில் வைத்து வடிகட்டினாரே, அதுவும் தன்வினையே. மின்சாரத்தில் சொட்டுச் சொட்டாக வடிக்கும் டிரிப் மேக்கர் அந்த அம்மையாரின் வழிவந்தது.

அடுத்து மோகா பாத்திரம். 1933இல் அல்ஃபோன்சோ பியாலெத்தி கொண்டுவந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவே தூள், மேலே காப்பி. கொதிக்கும்போது நீராவி தண்ணீரை மேலே ஏற்றும். இங்கே டிகாக்‌ஷன் இறங்குவதில்லை, ஏறுகிறது. அதை உலகெங்கும் விற்ற மகன் ரெனாத்தோ 2016இல் இறந்தபோது, அவரது அஸ்தியை ஒரு பெரிய மோகா பாத்திரத்திலேயே வைத்து அடக்கம் செய்தார்கள். பித்தளை ஃபில்டருக்கு அப்படியொரு பக்தர் இதுவரை வாய்க்கவில்லை. மோகா பாத்திரம் விலை குறைவு, அடுப்பிலேயே வைக்கலாம், கெட்டுப்போக ரப்பர் வளையம் தவிர ஒன்றுமில்லை. ஒற்றை ஆளாக இருக்கும் மாணவர் யாரேனும் என்னிடம் கேட்டால், மறுபேச்சில்லாமல் இதைத்தான் சொல்வேன்.

கைப்பிடி இயந்திரமும் பம்பு இயந்திரமும் பிறவினை: காப்பியை இறக்குகிறோம். தூளை அளந்து, அமுக்கி, பூட்டி, பொத்தானை அழுத்தி, கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டும். கொட்டை போட்டால் தானே அரைத்து, தானே வடித்து, சக்கையைத் தானே உள்ளே தள்ளிக்கொள்ளும் முழுத்தானியங்கி இயந்திரம் செயப்பாட்டுவினை: காப்பி போடப்பட்டது; போட்டவர் யாரென்று தெரியாது. அதன் விலை ஐந்து இலக்கத்தின் மேல்பகுதியிலிருந்து ஆறு இலக்கத்துக்குள் போகிறது. குப்பி போட்டுப் பொத்தானை அழுத்தும் வகை ஏவல்வினை. கொடு என்றால் கொடுக்கும். குப்பி தீர்ந்தால் கொடுக்காது. அவ்வளவுதான்.

நாலாயிரம் ஐயாயிரத்துக்கு 'எஸ்பிரெசோ மெஷின்' என்று விற்பவற்றில் பல, பம்பு இல்லாத நீராவிப் பாத்திரங்கள். 1901ஆம் ஆண்டுக் கசப்பை மலிவாக அனுபவிக்கலாம். என் இளமையில் சினிமாக் கொட்டகை இடைவேளையிலும் கல்யாண மண்டப வாசலிலும் 'எக்ஸ்பிரஸ் காப்பி' என்று ஒன்று கிடைத்தது. பாலில் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டு, நீராவிக் குழாயைச் சொருகி உஸ்ஸென்று கத்தவிட்டு, மேலே சாக்லேட் தூள் தூவித் தருவார்கள். அதில் எஸ்பிரெசோ ஒரு சொட்டும் கிடையாது. ஆனால் அந்த உஸ் சத்தத்துக்காகவே மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நின்றார்கள். ஓர் இயந்திரத்தின் மதிப்பில் பாதி அதன் சத்தத்தில் இருக்கிறது என்ற கருதுகோள் எனக்கு அப்போதே தோன்றியது.

களப்பணி

இவ்வேளையில் மகள் வீடு மாற்றினாள். புது வீட்டில் வேலை முடியும்வரை அவளுடைய பம்பு இயந்திரத்தை எங்களிடம் விட்டுப்போனாள். முன்னோட்ட ஆய்வுக்கு இதைவிட வசதி வேறில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குற்றம் அதன் மேல் இல்லை.

முதல் தடை மின்சாரம். இயந்திரம் 1,450 வாட். 230 வோல்ட்டில் 6.3 ஆம்பியர் இழுக்கும். எங்கள் அடுக்களையில் மிக்ஸிக்கென்று போட்ட சாக்கெட் 6 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் வந்து, சுவரைக் கொத்தி, 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று வைத்தார். சிமென்ட் காய மூன்று நாள். அந்த மூன்று நாளும் இயந்திரம் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மேசைமேல் இருந்தது. "இதுல கைப்பிடி எங்கடா?" என்று கேட்டார். தூள் போடும் வடிகரண்டியைக் காட்டினேன். "இது சுத்தாது போலருக்கே" என்றார்.

நான்காம் நாள் காலை 6.10க்குச் சோதனை தொடங்கியது. இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ கழகம் வகுத்த இலக்கணம் இது: தூள் 7 கிராம், வெந்நீர் 88 பாகை, 9 பார், 25 வினாடி, கோப்பையில் 25 மில்லி. வழிமுறையைப் பிசகாமல் கடைப்பிடித்து முதல் 25 மில்லியைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். "சாம்பிளா தம்பி? நல்லாருக்கு. சரி, காப்பியக் கொடு."

வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொதிகலன் ஒன்றுதான். காப்பிக்குத் தொண்ணூறு பாகையளவில் தண்ணீர் வேண்டும். பாலை நுரைக்க வைக்கும் நீராவிக்கு அதைவிட நாற்பது பாகை போலக் கூடுதல் சூடு வேண்டும். ஆகவே வடித்தபின் சூடேற்றி, நுரைத்தபின் சூடாற்றி, மீண்டும் வடிக்க வேண்டும். இரட்டைக் கொதிகலன் இயந்திரம் இதைத் தீர்க்கும். அதை வாங்கிய கடனை நாம் தீர்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒற்றைக் கொதிகலன்; ஒவ்வொரு டம்ளருக்கும் சூடேற்றிச் சூடாற்றும் சுழற்சி. ஆறாவது டம்ளர் நிரம்பியபோது மணி 6.50. முதல் டம்ளர் பெற்றவர் குளித்துவிட்டு வந்து இரண்டாவதற்கு நின்றுகொண்டிருந்தார். ஃபில்டரில் ராத்திரியே இறங்கிய டிகாக்‌ஷனுக்குப் பால் காய்ச்சினால் ஆறு டம்ளரும் ஒரே சூட்டில் ஒரே நேரத்தில் வந்திருக்கும்.

சூட்டிலும் சிக்கல். இயந்திரத்தோடு வந்த கையேடு, பாலை 60 முதல் 65 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள், நுரையின் மென்மை கெடும் என்கிறது. எங்கள் வீட்டில் 65 பாகைக் காப்பிக்குப் பெயர் ஆறிப்போன காப்பி.

ஆய்வேடுகளில் இடம்பெறாத ஒரு மாறி

ஐந்தாம் நாள் நெறியாளர் முதல் முறையாக வாய் திறந்தார். "ஏங்க, எல்லாம் சரி. இதையெல்லாம் கழுவுறது யாரு?"

கையேட்டைப் புரட்டினேன். 'ஒவ்வொரு முறையும் கழுவவும்.' 'நீராவிக் குழலை உடனடியாகத் துடைக்கவும்.' 'சொட்டுத் தட்டை நாள்தோறும் கொட்டிச் சுத்தம் செய்யவும்.' 'உப்புப் படிவத்தைக் குறித்த காலத்தில் நீக்கவும்.' எத்தனை வினைகள்! ஒன்றிலும் எழுவாய் இல்லை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் இருப்பதாகக் கொள்ள வேண்டும். 31 ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிய உதாரணம் 'நாளை வருவேன்' என்பது. 'டபராவைக் கழுவி வைத்தார்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. அதுவும் அதே வகைதான். அந்த வாக்கியத்தின் எழுவாய் 34 ஆண்டுகளாக என் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார்.

உலகத்தில் காப்பி இயந்திரங்களைப் பற்றி எழுதியவர்கள் கொதிகலனின் உலோகத்தைப் பற்றி, வடிகரண்டியின் 58 மில்லிமீட்டர் விட்டத்தைப் பற்றி, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த மாறியை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து இயந்திரத்தை நானே கழுவினேன். ஆய்வின் தரம் உயர்ந்தது; ஆய்வாளனின் உற்சாகம் குறைந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் அது தனி ஆய்வேடாகிவிடும். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது கொதிகலனுக்குள்ளும் படியும் என்றளவில் நிறுத்துகிறேன். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் மட்டும் எஸ்பிரெசோ என்று முடிவாயிற்று.

சிக்கரிப் படலம்

அடுத்து நேர்ந்தது தோல்வி. தோல்வியில்தான் விஷயம் இருக்கிறது.

இயந்திரத்தோடு வந்த தூள் தீர்ந்ததும், முதலில் கடைத்தெருவில் ஃபில்டருக்கென்று அரைத்த தூளைப் போட்டேன். சிக்கரி கலக்காதது. தண்ணீர் ஆறே வினாடியில் பாய்ந்து வந்துவிட்டது. பழைய சோற்றுத் தண்ணீரில் காப்பியைக் காட்டியது போல் ஒரு திரவம். ஃபில்டர் தூள் எஸ்பிரெசோவுக்குப் பருமன். இடுக்கு இருந்தால் 92 மீட்டர் தண்ணீர் சும்மா இருக்குமா?

மறுநாள் எங்கள் வழக்கமான 70க்கு 30 சிக்கரித் தூள். சிக்கரி காப்பியே இல்லை, ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் காப்பி நிறமும் கசப்பும் தரும், காஃபின் கிடையாது, தண்ணீரில் சட்டென்று கரையும். நம் உணவுச் சட்டப்படி சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பொட்டலத்தின் மேல் விகிதத்தைப் போட வேண்டும். ஃபில்டரில் இந்த வேர் பாலுக்கு ஈடுகொடுக்கும் கெட்டித்தன்மையைத் தருகிறது. இயந்திரத்திலோ பசையாகிவிட்டது. மூன்று சொட்டு வந்தது. பிறகு மௌனம். பிறகு பம்பு முனகியது. பிறகு வடிகரண்டியின் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய கோடு புறப்பட்டு, கூரைக்குப் போகும் வழியில் என் சட்டையையும் மாதக் காலண்டரையும் தொட்டுச் சென்றது. பிரதோஷம் எந்தத் தேதி என்பது மார்ச் வரை தெரியவில்லை.

இரண்டு நாளும் இயந்திரம் ஒன்றேதான். அழுத்தம் ஒன்றேதான். மாறியது தூள் மட்டும். இயந்திரம் தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் ஓடுமா, நிற்குமா, ருசியோடு வருமா என்பதை முடிவு செய்வது அரைப்பு. உப்புக்கல் அளவுக்கும் கோலமாவு அளவுக்கும் இடையில் எங்கோ ஒரு புள்ளியில் காப்பி இருக்கிறது. அந்தப் புள்ளியும் கொட்டைக்குக் கொட்டை மாறும். மிக்ஸியில் அரைத்தும் பார்த்தேன். கத்தி வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. ஒரு பகுதி தூசி, ஒரு பகுதி கல். தூசி அடைத்துக்கொள்ள, கல் வெறும் தண்ணீரை விட்டது. இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி ஒரே பருமனாக விழ வேண்டும். மேலும், வறுத்த கொட்டை வாரக்கணக்கில் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். அரைத்த தூளில் அது அன்றைக்கே கலையத் தொடங்கிவிடும். பொட்டலம் பிரிக்கும்போது அடுக்களை மணக்கிறதே என்று மகிழ்கிறோம். அது டம்ளரில் இருந்திருக்க வேண்டிய மணம்.

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, 'ஆகவே முதலில் தேவைப்படுவது அரைக்கும் சாதனம். இயந்திரம் அடுத்ததே' என்று அடிக்கோடிட்டேன். பக்கத்தைத் திருப்பினால், தை மாதத்துக் குறிப்பு. 'பொருட்படுத்தத் தேவையில்லை.'

வாய்மொழித் தேர்வு

நாற்பதாம் நாள் மகள் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு முந்தைய நாள் புறத்தேர்வாளர் முன் ஆய்வேட்டை வைத்தேன். சிக்கரி இல்லாத கொட்டையை நண்பர் ஒருவரின் நல்ல கிரைண்டரில் நேர்த்தியாக அரைத்து வாங்கி வந்து, 25 மில்லி வடித்து, வெள்ளி டம்ளரில் தந்தேன். அம்மா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"டிகாக்‌ஷன் நல்லாத்தான் இறங்கிருக்கு. இன்னும் ரெண்டு மூணு வாட்டி இறக்கு."

இறக்கினேன். எல்லாவற்றையும் ஃபில்டரின் கீழ்ப் பாத்திரத்தில் சேர்த்து, மூடி போட்டு ஓரமாக வைத்தார். பால் காய்ந்ததும் கலந்து, ஆற்றி, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். இத்தாலியர் எவரும் அருகில் இல்லாதது நல்லதாயிற்று. காப்பி, சொல்லக்கூடாதுதான், பிரமாதமாக இருந்தது.

"இத்தன நாளா தூள்ல இல்லாத வாசன. புதுசா அரைச்சியா?" என்றார்.

"ஆமாம்மா."

"அதத்தான் அன்னிக்கே சொன்னேன்."

பரிந்துரைகளின் நடைமுறையாக்கம்

வார்ப்பிரும்பு உடல், மேலே கொட்டை போடும் கூம்பு, பக்கவாட்டில் மரக்குமிழ் வைத்த கைப்பிடி. இன்னும் செய்து விற்கிறார்கள். மகள் ஒதுக்கிய தொகையில் பூஜ்யம் ஒன்றை வெட்டினால் என்ன வருமோ அதற்குள் அடங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னல்கள் இப்போது இழுத்து மூடும் கண்ணாடி. திருகுவதற்குப் பலகை இல்லை. தச்சரை அழைத்து அடுப்பு மேடையின் ஓரத்தில் தேக்குப் பலகை ஒன்று பதித்தோம். 16 ஆம்பியர் சாக்கெட்டில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகியாயிற்று. காலையில் பால் அதில் காய்கிறது.

விடியற்காலை ஐந்தரைக்கு அம்மா பத்துச் சுற்று சுற்றுவார். மிச்சம் அறுபதோ எழுபதோ சுற்று மற்றவர் பொறுப்பு என்று வகுத்ததிலிருந்து சித்தப்பா ஆறு மணிக்குப் பிறகே இறங்கி வருகிறார். சத்தத்தில் மருமகள் விழித்துவிடுவதால், ஐந்தரைக்கு முன் அரைத்தல் கூடாது என்று நெறியாளர் எழுத்துமூலம் அறிவித்திருக்கிறார். பற்சக்கரத்தைத் தூரிகையால் துடைத்து வைப்பவர் பெயரையும் அந்த அறிவிப்பில் சேர்த்திருக்கிறார். எழுவாய் தெளிவாகத் தோன்றுகிறது: என் பெயர்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தாள். வழக்கம்போல் ஸ்பீக்கர்.

"மெஷின் வாங்கிட்டீங்களாப்பா?"

"வாங்கியாச்சும்மா. படம் அனுப்பிருக்கேன் பாரு."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பாயி, இதுவா காப்பி மெஷின்?"

அம்மா கைப்பிடியை விடாமல் சொன்னார், "பின்ன?"